நீலப் பசை நாள்

போன வருஷம் முதலையின் வயிற்றிலிருந்து எலி வந்தது. அந்தப் பள்ளிக்கூடத்தில் இதை யாரும் மறக்கவில்லை. டிராயிங் மிஸ்ஸை மறக்க விடுவதாகவும் இல்லை. கண்காட்சியைத் திறந்துவைக்க வந்த பெரிய மனிதர், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பழைய செய்தித்தாளையும் மைதாப் பசையையும் வைத்துச் செய்த முதலையைப் பார்த்து, "அடடா, உயிரோட இருக்கற மாதிரியே இருக்கே!" என்று அதன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். தட்டின வேகத்தில் அடிப்பக்கம் பிய்ந்துகொண்டது. உள்ளே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்த தாய் எலி தன் மக்களோடு வெளிநடப்புச் செய்தது. பெரிய மனிதர் நாற்காலிமேல் ஏறிவிட்டார். பிள்ளைகள் அதுவும் நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

டிராயிங் மிஸ்ஸுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவளுடையது வருஷா வருஷம் நீட்டித்துத் தருகிற வேலை. நீட்டிக்கிற கை தலைமையாசிரியையுடையது. அந்த அம்மாளைப் பள்ளிக்கூடமே பெரிய மிஸ் என்றுதான் சொல்லும். பெரிய மிஸ் அன்றைக்கு ஒன்றும் கத்தவில்லை. கத்தியிருந்தால் ஆறிப் போயிருக்கும். இந்த வருஷம் திமிங்கலம் செய்கிறோம் என்று இவள் போய்ச் சொன்னபோதுதான், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "செய்ங்க. ஒரு எலி வாலைப் பார்த்தேன்னாலும் அடுத்த வருஷம் உங்களைப் பார்க்க மாட்டேன்" என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார். "பசங்க கைக்கு மாவும் தண்ணியும் தவிர வேற எதுவும் போகக் கூடாது. மருந்து கிருந்துன்னு ஆரம்பிச்சுடாதீங்க."

அவள் தலையை ஆட்டிவிட்டு வந்தாள். தலையாட்டுவதற்கு என்ன, யாரும் வரி போடுவதில்லை.

திமிங்கலம் வளர ஆரம்பித்தது. கம்பி வலையை வளைத்து, இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்ட நீளத்துக்கு உடம்பு. ஓவிய அறை என்று தனியாக எதுவும் கிடையாது. மாடிப்படிக்குப் பக்கத்தில் உடைந்த நாற்காலிகளை ஓரங்கட்டி ஒதுக்கிய இடம்தான் அறை. பிள்ளைகள் செய்தித்தாளைக் கையால் கிழித்தார்கள். கத்தரிக்கோலைத் தொடவே விட மாட்டாள். வெட்டின ஓரம் விறைத்துக்கொண்டு நிற்கும், கிழித்த ஓரம்தான் படிந்து உட்காரும் என்று ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லுவாள். சொல்லிக்கொண்டே விரல் நுனியை நாக்கில் தொட்டு, ஒட்டிக் கிடக்கிற தாள்களில் ஒன்றைத் தனியாகப் பிரித்து எடுப்பாள். அது அவளுடைய பழக்கம். அவளுக்கே தெரியாது.

பிள்ளைகளை ஒட்டச் சொன்னால் ஒரு தொல்லை உண்டு. முகம் எங்கே இருக்கிறதோ அங்கேயே எல்லாரும் அப்பிக்கொள்வார்கள். கண்ணைச் சுற்றிக் கோட்டைச் சுவர் மாதிரித் தாள் ஏறும். வயிற்றில் கம்பி பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். அதற்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள். ஒரு நாள் வெறும் வெள்ளைப் பசை. அது காய்ந்தபின் மறு வகுப்பில் கொஞ்சம் நீலச் சாயம் கலந்த பசை. நீலம் படாத இடம் பளிச்சென்று தெரியும், அங்கே ஒட்டினால் போதும். அதற்கடுத்து மறுபடி வெள்ளை. பிள்ளைகளுக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துவிட்டது. "இன்னிக்கு வெள்ளை நாளா, நீல நாளா மிஸ்?" என்று வாசலிலேயே மறிப்பார்கள். நீல நாள் என்றால் கூச்சல் கூரையைப் பிய்க்கும்.

பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் பசையில் உப்புப் போட்டுக் காய்ச்சுவாள். அந்த உப்புக்கு ஒருத்தி அடிமை. சின்ன முகம், பெரிய கண், வகுப்பிலேயே குட்டையான பெண். ஒட்டி முடித்ததும் விரல்களை ஒவ்வொன்றாக நக்கிச் சுத்தம் செய்துவிட்டுத்தான் குழாய்க்குப் போவாள். அதைப் பார்த்து டிராயிங் மிஸ்தான் அவளுக்குப் பூனை என்று பேர் வைத்தாள். பேர் ஒட்டிக்கொண்டது, வகுப்பு மிஸ்கூட வருகைப் பதிவு எடுக்கும்போது தவறிப் போய்ப் பூனை என்று கூப்பிட்டுவிட்டாராம்.

"ஏய் பூனை! பசைய நக்குறியா? நக்கு, நக்கு. உள்ள போற பேப்பரெல்லாம் ஒண்ணு சேர்ந்து உன் வயித்துலயும் ஒரு திமிங்கலம் வளரப் போகுது. சோறு போடப் போட வளரும். அப்புறம் இந்த வாசல்ல நீ நுழைய முடியாது" என்று ஒரு நாள் டிராயிங் மிஸ் சொன்னாள்.

வகுப்பே சிரித்தது. பூனையும் சிரித்தது. ஆனால் அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது அது தன் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டே போனதை யாரும் கவனிக்கவில்லை.

அந்தக் குழந்தைக்குத்தான் வாலைக் கொடுத்திருந்தாள். வால் என்பது லேசான வேலை இல்லை. ஓரம் மெலிசு, சின்னச் சின்னத் துண்டாக ஒட்ட வேண்டும், பொறுமை இல்லாத கை பட்டால் வளைந்துவிடும். பூனையின் விரலுக்கு அந்தப் பொறுமை இருந்தது. நாக்கின் நுனியை உதட்டோரம் நீட்டிக்கொண்டு, உலகத்தையே மறந்து ஒட்டும். "இந்த வால் மாதிரி ஒரு வால நான்கூட ஒட்டினதில்லடி" என்று டிராயிங் மிஸ் ஒரு தரம் சொன்னாள். அதை அவள் மனசாரத்தான் சொன்னாள்.

கண்காட்சி நெருங்க நெருங்க எலி பயம் அவளைப் பிடித்து ஆட்டியது. மைதாவும் உப்பும் என்றால் எலிக்குக் கல்யாணச் சாப்பாடு. அவளுடைய அண்ணன் புத்தகம் பைண்டிங் செய்கிறவர். அவர் பட்டறையில் அலமாரி அலமாரியாகப் பசை போட்ட அட்டைகள் கிடக்கும், ஒரு எலி வாய் வைக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடம் போய் நின்றாள்.

"இதென்ன பெரிய விஷயம்? பசையில துத்தம் போடு. மயில் துத்தம். எலி கிட்டக்கூட வராது" என்றார் அண்ணன். நீலக் கற்களாக இருந்ததில் கொஞ்சம் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு, "ஆனா ஒண்ணு. அது விஷம். கையில உறை போட்டுக்க. பசங்க பக்கம் கொண்டு போயிடாத, புரிஞ்சுதா?" என்றார்.

"நானே தனியா கடைசிப் பூச்சு பூசிக்கறேன்ணா. பசங்க ஸ்கூல்ல இல்லாத நாளாப் பாத்து" என்றாள் அவள்.

அப்படித்தான் நினைத்தாள். சனிக்கிழமை பள்ளி விடுமுறை. யாரும் இல்லாதபோது வந்து, உறை மாட்டிக்கொண்டு, ஒரு பூச்சுப் பூசி, அது காய்ந்தபின் மேலே வண்ணமும் வார்னிஷும் அடித்துவிட்டால் ஒருவர் கையும் படாது. ஆனால் துத்தம் போட்டுக் காய்ச்சின பசை வாளியைச் சனிக்கிழமை வரை வீட்டில் வைத்திருக்க முடியவில்லை, வீட்டிலும் குழந்தை இருக்கிறது. தன் குழந்தைக்கு எட்டக் கூடாது என்று அந்த வாளியைப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். பின்னால் இதை நினைத்து நினைத்துத்தான் அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

துத்தம் கரைந்த பசை இளம் நீலமாக இருந்தது. மாடிப்படிக்குக் கீழே இருந்த சாமான் அறையில், நீலச் சாயப் பசை வைத்திருந்த வாளிக்குப் பின்னால், சுவரோரம் ஒளித்து வைத்தாள். இரண்டும் பெயின்ட் வாளிகள். ஒரே மூடி, ஒரே உயரம். "தொடாதே" என்று எழுதி ஒட்டலாம் என்று தாளை எடுத்தாள். எழுதினால் ஆயாம்மா ஏன் என்று கேட்பாள். ஆயாம்மாவுக்குத் தெரிந்தால் வாட்ச்மேனுக்குத் தெரியும், வாட்ச்மேனுக்குத் தெரிந்தால் பெரிய மிஸ்ஸுக்குத் தெரியும். மூன்று நாள்தானே என்று தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் நீல நாள். பிள்ளைகள் வரிசையில் வந்து நின்ற நேரத்தில்தான் பெரிய மிஸ் ஆள் அனுப்பினார்: வரவேற்புப் பலகையில் எழுத்து கோணலாக இருக்கிறது, உடனே வரவும். டிராயிங் மிஸ் பாதிப் படியில் நின்றபடி, "ஆயாம்மா, நீலப் பசைய எடுத்துப் பசங்களுக்கு ஊத்திக் குடுங்க, இதோ வந்துடறேன்" என்று கத்திவிட்டு ஓடினாள்.

ஆயாம்மா அன்று காலையில்தான் சாமான் அறையைப் பெருக்கியிருந்தாள். பெருக்கும்போது வாளிகளை நகர்த்தினாள். நகர்த்தியதில் பின்னால் இருந்தது முன்னால் வந்துவிட்டது. மூடியைத் திறந்தாள், நீலப் பசை. வெட்டின பாட்டில்களின் அடிப்பாகத்தில் ஊற்றிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். சொன்னதைச் சொன்னபடி செய்தாள், அவ்வளவுதான்.

பலகையின் கோணலை நிமிர்த்திவிட்டு டிராயிங் மிஸ் திரும்பி வந்தபோது திமிங்கலம் தலையிலிருந்து வால்வரை நீலமாக நின்றது. ஒரு இடம் விடவில்லை. பிள்ளைகள் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். அவளுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. மிச்சப் பசையை மூடி வைக்கலாம் என்று சாமான் அறைக்குப் போனாள். முன்னால் இருந்த வாளி பாதி காலி. பின்னால் இருந்ததைத் திறந்தாள். விளிம்புவரை ததும்பிக்கொண்டு, அவளே கலந்த சாயம், கரும் நீலத்தில்.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு இரண்டும் ஒரேயடியாக ஓடின. சோப்பை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய், போன பிள்ளைகளையும் திருப்பி அழைத்து, ஒவ்வொரு கையையும் தானே பிடித்துத் தேய்த்துக் கழுவினாள். நகத்துக்கடியில் குடைந்தாள். "வலிக்குது மிஸ்" என்று ஒருவன் கையை உதறினான்.

"யாராவது பசைய வாயில வச்சீங்களா? நிஜத்தச் சொல்லுங்க. திட்ட மாட்டேன்."

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் வைக்கவில்லை.

"நான் நக்கவே இல்ல மிஸ்" என்றது பூனை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தது.

தன்னைத் தனியாகக் கேட்காத கேள்விக்கு ஒரு குழந்தை முந்திக்கொண்டு பதில் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று, இத்தனை வருஷம் பிள்ளைகளோடு மாரடித்தவளுக்குத் தெரியாதா? தெரியும். நன்றாகவே தெரியும். ஆனாலும் அந்த வார்த்தையை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். நக்கவில்லை என்று குழந்தையே சொல்கிறது. கை கழுவியாயிற்று. ஒன்றும் ஆகாது. இனிமேல் போய்ப் பெரிய மிஸ்ஸிடம் சொல்லி எதற்கு ஊரைக் கூட்ட வேண்டும்? ஆயாம்மாவிடம், "அந்தப் பசை கெட்டுப் போச்சு, நானே கொட்டிடறேன்" என்றாள். ஆயாம்மா சரி என்று போய்விட்டாள்.

கடைசிப் பீரியடில் பூனை வாந்தி எடுத்தது.

செய்தி படியிறங்கி வந்தபோது டிராயிங் மிஸ் பின்கட்டில் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஆயாம்மாதான் சொன்னாள். "பாவம், நம்ம பூனைக்குட்டி. குடலே வெளிய வந்துடற மாதிரி வாந்தி. அவங்கம்மா வந்து பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்க. சாப்பாட்டு டப்பாவுல ஏதோ கெட்டுப் போயிருக்கும்னு பெரிய மிஸ் சொல்றாங்க."

"சாப்பாடா?" என்றாள் அவள்.

"அப்படித்தான் சொல்றாங்க. அந்தம்மாவும் அழுதுக்கிட்டே போச்சு."

டிராயிங் மிஸ் கையில் இருந்த வாளியைக் கீழே வைத்தாள். வைத்ததும் அவள் மனசில் முதலில் வந்தது குழந்தை இல்லை, வேலை. அவள் நினைத்தது இதுதான் என்பதை மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். வேலை போனால் என்ன செய்வது என்று ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். அந்த ஒரு நிமிஷத்துக்காக அவள் தன்னை மன்னித்ததே இல்லை. அப்புறம்தான் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினாள்.

ஆஸ்பத்திரி சின்னது. நீளமான அறையில் சில கட்டில்கள், நடுவில் பச்சைத் திரை. பூனை கட்டிலில் சுருண்டு கிடந்தது. முகம் வெளுத்து, உதடு இறுக்கி மூடியிருந்தது. அதன் அம்மா பெரிய துணிக்கடை ஒன்றில் துணி மடித்து அடுக்குகிறவள். கடைச் சீருடையோடு அப்படியே வந்திருந்தாள். குழந்தையின் அப்பா லாரியில் வெளியூர் போயிருக்கிறார். டாக்டர் வயது குறைந்த பெண், குனிந்து, "என்ன சாப்பிட்ட கண்ணு? சொல்லு, ஊசி போட மாட்டேன்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பூனை வாயைத் திறக்கவில்லை.

"நான்தான் டாக்டர்" என்றாள் அம்மா. "காலையில லேட்டாயிடுச்சு. ராத்திரி மீந்தத சூடு பண்ணிக் கட்டிட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு, மோந்துகூடப் பார்த்தேன். ஆனா நான்தான். என்னோட அவசரந்தான்." சொல்லும்போதே தன் கன்னத்தில் தானே ஒரு அறை வைத்துக்கொண்டாள்.

டிராயிங் மிஸ் திரைக்குப் பக்கத்தில் நின்றாள். அவளைப் பார்த்ததும் பூனையின் கண் பெரிதாயிற்று. போர்வைக்குள் கையை இழுத்துக்கொண்டது.

"பூனை," என்றாள் அவள். "மிஸ்கிட்ட சொல்லு. பசைய நக்கினியா?"

"நக்கல மிஸ்."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். டாக்டரும் பார்த்தார். அந்த ஒரு வார்த்தையில் கதவு ஒன்று திறந்தே கிடந்தது; இவள் அதன் வழியாக நடந்து வெளியே போய்விடலாம், ஒருத்தரும் தடுக்க மாட்டார்கள். குழந்தையே இல்லை என்கிறது. அம்மா பழியைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாயிற்று. போர்வைக்கு வெளியே ஒரே ஒரு விரல் நுனி தெரிந்தது. சுட்டுவிரல். அந்த நகத்தின் ஓரத்தில் இவ்வளவு தேய்த்தும் போகாத ஒரு நீலக் கோடு.

"டாக்டர், சாப்பாடு இல்ல" என்றாள். "இவங்க மேல தப்பில்ல. பசையில நான் மயில் துத்தம் போட்டிருந்தேன், எலிக்காக. அது பசங்க கைக்குப் போயிடுச்சு. இந்தக் குழந்தை எப்பவும் விரல நக்கும். இன்னிக்கும் நக்கியிருக்கும். எனக்கு மத்தியானமே தெரியும்."

டாக்டரின் முகம் மாறியது. "மத்தியானமே தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். பிறகு கேட்க அவருக்கு வேறு நிறைய இருந்தது: எவ்வளவு பசைக்கு எவ்வளவு துத்தம், எப்போது, வேறு எத்தனை பிள்ளைகள். அவள் தெரிந்ததைச் சொன்னாள்; தெரியாததை அண்ணனுக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொன்னாள். நர்ஸ் ஓடினாள். பள்ளிக்கூடத்துக்குப் போன் போனது. அங்கிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் போனது.

டாக்டர் மறுபடி குனிந்தார். "இங்க பாரு. திட்ட யாரும் இல்ல. எத்தன தடவ நக்கின?"

பூனை இப்போதுதான் வாயைத் திறந்தது. "நக்கல. பேப்பர் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. எடுக்க வரல. அதான் விரல நாக்குல தொட்டுத் தொட்டு எடுத்தேன். மிஸ் செய்வாங்கல்ல, அந்த மாதிரி. வால் முடியற வரைக்கும். காசு மாதிரி கசந்துச்சு."

டிராயிங் மிஸ் தன் வலது கையைப் பார்த்தாள். அது எப்போது முந்தானைக்குள் போனது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அம்மா இவளை அடித்திருந்தாலும் நியாயம். இவளும் அதற்குத்தான் காத்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெண் குழந்தையின் தலைமாட்டுக்குப் போய், திரையை இழுத்து மூடிவிட்டாள்.

வாந்தி எடுத்ததே நல்லதாகப் போயிற்று என்று டாக்டர் பிறகு சொன்னார். உயிருக்குப் பயமில்லை, ஆனால் சிறுநீரகத்தைக் கவனிக்க வேண்டும், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், சில நாள் இங்கேயே இருக்கட்டும் என்றார். மற்றப் பிள்ளைகளில் யாருக்கும் ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை பெரிய மிஸ்ஸின் அறையில் ஆயாம்மா அழுதுகொண்டு நின்றாள். "என் கையாலதான் ஊத்திக் குடுத்தேன். இந்தக் கையாலதான்."

"அவங்களுக்கு எதுவும் தெரியாது. நான் மறைச்சு வச்சேன்" என்றாள் டிராயிங் மிஸ். பெரிய மிஸ் அதற்கு மேல் கேட்கவில்லை. இனி வர வேண்டாம் என்பதையும் சத்தம் போடாமல்தான் சொன்னார். மேலிடத்துக்கு எழுத வேண்டியிருக்கும், விசாரணைக்குக் கூப்பிட்டால் வர வேண்டும் என்றார். இவள் அதற்கும் தலையாட்டினாள்.

வெளியே வந்ததும் ஆயாம்மா அவளை மறித்தாள். அழுகை நின்று கோபம் வந்திருந்தது. "ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்ன மிஸ்? ஆயாம்மா, இதத் தொடாதீங்கன்னு ஒரே வார்த்த. ஊரெல்லாம் போய்ச் சொல்லிடுவேன்னு நெனச்சீங்களா? எனக்கும் அந்தப் புள்ளைங்க புள்ளைங்கதானே?"

அப்படித்தான் நினைத்தாள். பின்கட்டில் இரண்டு ஆட்கள் உறை மாட்டிக்கொண்டு திமிங்கலத்தை ரம்பத்தால் அறுத்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தாள்.

வீட்டில் வந்து உட்கார்ந்தவள் சாயங்காலம்வரை எழுந்திருக்கவில்லை. அப்போதுதான் போன் வந்தது. பூனையின் அம்மா.

"நீங்க வரணும்" என்றாள். குரலில் ஈரம் இல்லை. "உங்க மூஞ்சியப் பார்க்க எனக்கு இஷ்டமில்ல. ஆனா அவ சாப்பிட மாட்டேங்கறா. தண்ணி ஒரு வாய் இறங்கல. நிறையக் குடிக்கணும்னு டாக்டர் கத்தறாங்க. குழாய் போட்டு ஏத்தறாங்க, அதையும் பிடுங்கறா. கேட்டா, உள்ள போட்டா அது வளருமாம். வயித்துல திமிங்கலம் இருக்காம். மிஸ் சொன்னாங்களாம். நாங்க எல்லாரும் சொல்லிப் பார்த்துட்டோம். உங்களுக்குத் தெரியாதும்மா, மிஸ்ஸுக்குத்தான் தெரியும்கறா. நீங்க சொன்னதத்தான் அவ நம்பறா. நீங்களே வந்து இல்லைன்னு சொல்லிட்டுப் போங்க."

அவள் போனாள். வழியெல்லாம் அழக் கூடாது என்று தன்னையே திட்டிக்கொண்டு போனாள். பச்சைத் திரை விலகியிருந்தது. பூனை ஒரே நாளில் பாதியாகியிருந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு படுத்திருந்தது. அம்மா தண்ணீர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கால்மாட்டில் நின்றாள். இவளை உட்காரச் சொல்லவில்லை.

இவள் தரையில் மண்டியிட்டு, குழந்தையின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்தாள்.

"பூனை, இங்க பாரு. உன் வயித்துல திமிங்கலம் கிடையாது. பேப்பர் உள்ள போனா ஒண்ணும் வளராது. மிஸ் சும்மா சொன்னேன். பொய் சொன்னேன்."

குழந்தை அவளை இமைக்காமல் பார்த்தது. "வலிக்குதே?"

"அது நான் பசையில போட்ட மருந்து. போட்டது என் தப்பு. நீ ஒண்ணுமே தப்பு செய்யல. நீ மிஸ் மாதிரி பேப்பர எடுத்த, அவ்வளவுதான். தண்ணி குடிச்சா அந்த மருந்து வெளிய போயிடும். எதுவும் வளராது."

"சத்தியமா?"

"சத்தியமா."

பூனை யோசித்தது. வகுப்பில் எந்தத் துண்டை எங்கே ஒட்டலாம் என்று பார்க்கும்போது இருக்கிற அதே முகம். வயிற்றிலிருந்து ஒரு கையை மெதுவாக எடுத்தது. இன்னொரு கையை எடுக்கவில்லை.

"அப்போ, வால் நல்லா ஒட்டியிருக்கேன்னு சொன்னீங்களே," என்றது. "உங்களாலகூட முடியாதுன்னு. அதுவும் சும்மாவா?"

டிராயிங் மிஸ் இன்னும் கிட்டே நகர்ந்தாள். "இல்லடா. அது நிஜம். அது மட்டும் சத்தியமா நிஜம்."

குழந்தை அவள் முகத்தில் எதையோ தேடியது. தேடியது கிடைக்கவில்லை போலிருக்கிறது. தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்து, "நிஜமாம்மா?" என்று கேட்டது.

அந்த வாலை அம்மா பார்த்ததே இல்லை. இனி பார்க்கவும் முடியாது. அவள் மண்டியிட்டிருந்தவளை ஒரு தரம் பார்த்தாள். அந்தப் பார்வையில் மன்னிப்பு என்று சொல்ல எதுவும் இல்லை. பிறகு டம்ளரை மகளிடம் நீட்டினாள்.

"நிஜந்தான். வால் ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றாள். "நான் பார்த்தேன். குடி."

பூனை எழுந்து உட்கார்ந்து டம்ளரை வாங்கிக்கொண்டது.